பெட்டி "நில்" என்றால் நிற்போம்

சென்ற ஆண்டு பொங்கல் விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, நம் சங்கத்தின் தமிழ் வகுப்பு நடக்கும் அறைக்கு வெள்ளையடித்தோம். இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மேசைகளை நகர்த்தி, ஒட்டடை அடித்து, தரையில் சிதறிக் கிடந்த கேபிள்களை எல்லாம் அழகாகச் சுருட்டி வைத்தார்கள். அவர்களில் ஒருவர், ஒரு நுனி எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்த நீலக் கேபிளைப் பார்த்தார். கழன்றுவிட்டது போலிருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு அதை எடுத்து, எட்டு போர்ட் உள்ள நெட்வொர்க் ஸ்விட்சில் காலியாக இருந்த இடத்தில் செருகிவிட்டார். அதன் மறு நுனியும் அதே பெட்டியில்தான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரிலும் இணைப்பு இல்லை. பெட்டியின் விளக்குகள் அத்தனையும் ஒன்றாகத் தாறுமாறாக மின்னிக்கொண்டிருந்தன. வந்தவர் போனவர் எல்லாம் வைத்தியம் பார்த்தோம். பத்து தடவை அணைத்துப் போட்டோம். அப்புறம் "அடாப்டர்தான் பழுது" என்று ஒருவர் சொல்ல, அலமாரியில் கிடந்த வேறொரு அடாப்டரைச் செருகினோம். பெட்டிக்கு வேண்டியது 5 வோல்ட். நாங்கள் கொடுத்தது 12 வோல்ட். அத்தோடு விளக்குகள் நிரந்தரமாக அணைந்தன.

மறுநாள் ஓர் உறுப்பினர், எங்கோ கழித்துப் போட்டதை வாங்கி வைத்திருந்த பழைய ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார். இரும்பு உறை, மூன்று பின் பிளக். எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருந்தது. அதன் வயரில் எர்த் கம்பியே கிடையாது. அதில் மாட்டினோம். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை ஒன்று பென்சிலை எடுக்கக் குனிந்தபோது உறையில் முழங்கை பட்டு, "சுர்ருங்குது மாமா" என்று கையை உதறினாள். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. மூன்று நாளில் மூன்று தவறு. அந்த அறையில் நின்றவர்களில் பாதிப் பேர் பொறியாளர்கள்.

இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த 12 வோல்ட் அடாப்டரைத் தேடி எடுத்துக் கொடுத்தவனே நான்தான். நம் காஞ்சன்பாக் எப்படிப்பட்ட இடம் என்று நினைத்துப் பார்க்கையில் வந்த வெட்கத்தில் எழுதுகிறேன். டி.ஆர்.டி.எல்., டி.எம்.ஆர்.எல்., பாரத் டைனமிக்ஸ், மிதானி என்று வரிசையாக நிற்கும் ஊர் இது. நம்மில் பலர் அந்த வாசல்களின் வழியே முப்பது வருடம் போய் வந்தவர்கள். அங்கே சோதனைப் பட்டியலில் கையெழுத்து விழாமல் ஒரு திருகாணியைக்கூட முடுக்க மாட்டோம். வீட்டுக்கு வந்ததும் அதே கைகள் எந்த அடாப்டரையும் எதிலும் செருகுகின்றன!

நம் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம், 1982இல் டி.ஆர்.டி.எல். இயக்குநராக இங்கே வருவதற்கு முன் எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் தலைவராக இருந்தார். 1979 ஆகஸ்ட் 10 அன்று அந்த ராக்கெட்டை ஏவ வேண்டிய கடைசிக் கட்டத்தில் கம்ப்யூட்டர் "நிறுத்து" என்றது. நிபுணர்களின் கணக்கை நம்பி, அதை மீறி ஏவும்படி முடிவெடுத்தது தாம்தான் என்று பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்து வருடம் கழித்து, 1989 ஏப்ரல் 20 அன்று அக்னியின் முதல் முயற்சி. ஏவுவதற்கு 14 விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் மறுபடி "நில்" என்றது. இந்தத் தடவை நின்றார்கள். மே மாத முதல் நாள் இன்னொரு முறை நிற்க நேர்ந்தது. பத்திரிகைகளில் கேலிச்சித்திரம் கூட வந்தது. அவமானத்தைப் பொறுத்துக்கொண்டு, காரணத்தைத் தேடிச் சரிசெய்து, மே 22ஆம் தேதி அக்னியை வெற்றியோடு பறக்க விட்டார்கள்.

ஏவுகணைக்கும் எட்டு போர்ட் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெட்டியும் பேசுகிறது, விளக்கால் பேசுகிறது, சூட்டால் பேசுகிறது, சுர்ரென்று பேசுகிறது. அது "நில்" என்னும்போது நிற்கும் பழக்கம் நமக்கு வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த மூன்று தவறுகளிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம்.

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்விட்ச் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சுவரில் இருக்கும் விளக்கு ஸ்விட்ச்தான். "ஸ்விட்ச் போய்விட்டது" என்று நான் வீட்டில் சொன்னபோது, "லைட் எரிகிறதே?" என்றுதான் பதில் வந்தது. இது வேறு. ஈதர்நெட் என்ற முறையை 1973இல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் தொடங்கிவைத்தார். பிற்பாடு கம்ப்யூட்டர்களைச் சேர்க்க ஹப் என்ற பெட்டி வந்தது. அது ஊர்த் தண்டோராக்காரர் மாதிரி. ஒருவருக்கு உரிய சேதியை ஊருக்கே கேட்கும்படி சொல்லும். ஸ்விட்ச் என்பது பழகிய தபால்காரர். எந்த வாசலில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அதன் அடையாள எண்ணைப் பார்த்து நினைவில் வைத்துக்கொண்டு, கடிதத்தை அந்த வாசலில் மட்டும் கொடுக்கும். 1990இல் இப்படிப்பட்ட முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் "கல்பனா". அதை நிறுவியவர்களில் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்ற இந்திய வம்சாவளிக்காரர். 1994இல் அதை சிஸ்கோ வாங்கிக்கொண்டது.

தபால்காரருக்கும் தெரியாத முகவரி வரும். "எல்லோருக்கும்" என்று எழுதிய கடிதமும் வரும். அப்போது ஸ்விட்ச் அதை வந்த வாசல் தவிர மற்ற எல்லா வாசலுக்கும் அனுப்பும். ஒரே கேபிளின் இரு நுனியும் ஒரே பெட்டியில் இருந்தால், ஒரு வாசலில் போன கடிதம் அடுத்த வாசலில் திரும்பி வரும். அதை மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். அது மறுபடி வரும். இன்டர்நெட் கடிதங்களுக்கு ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் ஒன்று குறைந்து, கடைசியில் கடிதம் செத்துப்போகும். ஈதர்நெட் கடிதத்துக்கு அந்த எண் கிடையாது. ஆகவே செக்கு மாடு போல் நிற்காமல் சுற்றும். கண நேரத்தில் வழி முழுவதும் அடைபடும். அன்று நம் பெட்டியின் விளக்குகள் ஒன்றாகத் துடித்தது இதைத்தான் சொன்னது. நாங்கள்தான் கேட்கவில்லை.

இது சின்னச் சங்கத்துக்கு மட்டும் வரும் வியாதியில்லை. இந்தச் சுற்றைத் தானே கண்டுபிடித்து ஒரு வழியை மூடும் முறையை 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி வகுத்துக் கொடுத்தார். பெரிய ஸ்விட்சுகளில் அது உண்டு. நாம் வாங்கும் மலிவான பெட்டிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. அந்த முறை இருந்தும்கூட, 2002 நவம்பரில் பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீகனஸ் என்ற பெரிய மருத்துவமனையில், நெட்வொர்க் அளவுக்கு மீறி வளர்ந்திருந்த நிலையில், இதே சுற்றல் வந்து எல்லாம் நின்றுபோயிற்று. டாக்டர்களும் நர்சுகளும் நாட்கணக்கில் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். அதன் தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலம்கா நடந்ததை ஒளிக்காமல் வெளியே சொன்னார். அதனால் மற்ற மருத்துவமனைகள் பாடம் படித்தன. தவறைச் சொல்வதில் கேவலம் இல்லை என்பதற்கு அவரும் ஒரு சாட்சி.

இதற்கு வைத்தியம் மிக எளிது. பெட்டியில் உள்ள கேபிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரௌட்டரிலிருந்து வரும் ஒன்றை மட்டும் முதலில் செருகுங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். எதைச் செருகியதும் விளக்குகள் வெறிபிடித்து மின்னுகின்றனவோ, அதுதான் குற்றவாளி. எங்களுக்குப் பத்து நிமிட வேலை. நாங்கள் அதற்கு எடுத்துக்கொண்டது நாலு நாள்.

இரண்டாவது தவறு, அடாப்டர். பிளக்கின் வாய் பொருந்துகிறது என்பதற்காக மின்சாரம் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கும், அடாப்டரிலும் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் அடாப்டரில் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை, குறையக் கூடாது. பிளக்கின் நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற குறியையும் பார்க்க வேண்டும். இதற்கு நான் கண்ட சுலபமான வழி, அடாப்டரின் முதுகில் அது எந்தப் பெட்டிக்கு உரியது என்று எழுதி ஒட்டிவிடுவதுதான். காமிரா, ஃபோன் முதலியவற்றுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுக்கும் பெட்டிகளிலும் எச்சரிக்கை வேண்டும். முறைப்படி செய்தவை, எதிரே இருப்பது மின்சாரம் ஏற்கும் கருவியா என்று விசாரித்த பிறகே கொடுக்கும். விசாரிக்காமல் கொடுக்கும் மலிவான இன்ஜெக்டர்களும் கடையில் கிடைக்கின்றன. அவற்றின் கேபிளைத் தவறுதலாகக் கம்ப்யூட்டரில் செருகினால் அது கெட்டுப்போகலாம்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது: எர்த்.

இரும்பு உறையுள்ள ஸ்விட்சுகளில் இரைச்சலை வடிக்க ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உறைக்குச் சின்னக் கெபாசிட்டர்கள் போகின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி உறையில் ஏறி நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகும். ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. உள்ளே ஒரு கம்பி கழன்று உறையைத் தொட்டால் வருவது முழு 230 வோல்ட். முதல் "சுர்"ருக்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் தொடுகிறவருக்குத் தொட்ட பிறகுதான் தெரியும். ஆகவே "லேசாகத்தான் அடிக்கிறது, பரவாயில்லை" என்ற பேச்சே கூடாது. அடித்தால் அணை. சுவர் ஸ்விட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. பெட்டி "நில்" என்று இதைவிட உரக்கச் சொல்லாது.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, இந்த மண். தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண்ணில் எர்த் பைப்பை இறக்கினால் வருடத்தில் பெரும்பகுதி ஈரத்தில் நிற்கும். ஹைதராபாத் கருங்கல் பாறை மேல் உட்கார்ந்த ஊர். மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கொஞ்ச மண்ணும் காய்ந்து போகும். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. பழைய முறைப்படி கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்திருப்பார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை வீடு மாறி வந்த நாம் மறந்துவிடுகிறோம். பல வீடுகளில் குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. செடிக்கு ஊற்றுகிற தண்ணீரில் ஒரு வாளியைக் கோடையில் அங்கேயும் ஊற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு கருவி வைத்து அளந்து பாருங்கள். இதற்கென்றே ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. நியான் டெஸ்டர் எரிவதை வைத்து எர்த் சரி என்று முடிவுகட்ட முடியாது. மெயின் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இல்லாவிட்டால் போட்டுவிடுங்கள். அதில் உள்ள "டெஸ்ட்" பொத்தானை அவ்வப்போது அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டரைக் குப்பையில் போடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சின்ன ஸ்விட்சுகள் பெரும்பாலும் 40 டிகிரி வரை என்று எழுதித்தான் வருகின்றன. இங்கே கோடையில் வெளியே அதைத் தாண்டுகிறது. மூடிய அலமாரிக்குள், ரௌட்டர் மேல் ஸ்விட்ச், ஸ்விட்ச் மேல் பூவேலை செய்த துணி என்று அடுக்கினால் அது எப்படிப் பிழைக்கும்? கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மின்சார வயர் போகும் அதே குழாய்க்குள் விடக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர் செங்கோணத்தில் கடக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் வேண்டாம். முழுச் செம்பாக வாங்குங்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு மொட்டை மாடி வழியாகச் செம்புக் கேபிளை இழுக்கவே கூடாது. இங்கே கோடை மழை இடியோடுதான் வரும். அருகில் எங்கோ இடி விழுந்தாலும் அந்தக் கேபிள் வழியாக இரண்டு வீட்டுப் பெட்டிகளும் போகும். அங்கே ஃபைபர்தான் சரி. ஃபைபரின் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக் கூடும்.

பழுது பார்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் மின்சார விளக்கு எரிகிறதா? அடுத்து, கேபிள் செருகிய போர்ட்டின் விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள். அதற்கும் எரியாவிட்டால், நன்றாக இருக்கிறது என்று தெரிந்த வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தும் இணைப்பு இல்லாவிட்டால், கம்ப்யூட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று பொருள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றியதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஈரக் கையோடும், ஆடும் ஸ்டூல் மேல் ஏறியும், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்திலும் இந்த வேலை வேண்டாம்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு? ஃபோன் பண்ணினால் ஆள் வருகிறான்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். வருகிறார், எர்த் குழி, சாக்கெட் வேலை, ஆர்.சி.சி.பி. இவற்றுக்கு அவரே வர வேண்டும். அதில் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் அவர் வரும் வரையில் என்ன செய்யாமல் இருக்க வேண்டும் என்பது நமக்குத்தானே தெரிய வேண்டும்? ஊரில் என்றால் நம் வீட்டுக்கு வயர் இழுத்தவரே தலைமுறையாக வருவார். எந்தச் சுவரில் எந்தக் கம்பி என்று அவர் மனதில் இருக்கும். நாம் பிழைக்க வந்தவர்கள். குவார்ட்டர்ஸிலிருந்து வாடகை வீடு, வாடகை வீட்டிலிருந்து சொந்த ஃபிளாட் என்று மாறியவர்கள். வருகிற ஆளும் தடவைக்குத் தடவை வேறு. எழுதி வைத்தால்தான் வீட்டுக்கு ஞாபகம் உண்டு.

நம் பகுதியில் பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் எத்தனை பேர்! எனக்குத் தெரிந்த ஒரு மாமிக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பேரனின் முகம் திரையில் தெரிய வேண்டும். இரண்டு நாள் தெரியவில்லை. மருமகளுக்கு ஏதோ கோபம் என்று எண்ணி மனம் புழுங்கியிருந்தாராம். கடைசியில் பார்த்தால், வேலைக்காரப் பெண் பெருக்கும்போது கேபிள் பாதி கழன்றிருந்தது. போர்ட்டில் விளக்கு எரியவில்லை. அந்த விளக்கைப் பார்க்கத் தெரிந்திருந்தால் இரண்டு நாள் மனக்கஷ்டம் மிச்சம்.

ஆகவே சங்கத்தின் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். ஒன்று, நம் கட்டடத்தின் எர்த்தைக் கோடைக்கு முன் அளந்து, அந்த அளவை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். இரண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு நோட்டு. மூன்று, ஓய்வு பெற்ற நம் பொறியாளர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகளுக்குப் போய் மூன்றாவது துளையையும் அடாப்டர்களையும் பார்த்து வர வேண்டும். முப்பது வருடம் நாட்டுக்குப் பட்டியல் போட்டவர்கள், பக்கத்து வீட்டுக்கு ஒரு பட்டியல் போட மாட்டார்களா?

ஒரு வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது. புதுப் பெட்டி வந்ததும், ஒவ்வொரு கேபிளின் இரு நுனியிலும் ஒட்டுவதற்குச் சீட்டு எழுதும் பொறுப்பைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். "நூலகம்", "அலுவலகம்", "மேசை ஒன்று", "மேசை இரண்டு" என்று கையெழுத்துப் பயிற்சியாக எழுதினார்கள். அன்று கையை உதறிய பெண்தான் கடைசிச் சீட்டை எழுதினாள். அதைச் சுவர் சாக்கெட்டின் மேல் ஒட்டியிருக்கிறோம்: "சுர் என்றால் தொடாதே, அணை, சொல்." மூன்று சுழி "ண"வை அவள் சரியாகப் போட்டிருந்தாள். அடுத்த முறை வரும்போது பார்த்துவிட்டுப் போங்கள்.